பழைய டாக்டர் பிராக்டிஸை நிறுத்திட்டார், இனி கணையத்துக்கு யார்கிட்ட போறது?

கேள்வி: டாக்டர் சார் வணக்கம். எனக்கு 34 வயசு, காரிமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம், வீட்லயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். 22 வயசுல ஆரம்பிச்ச வயித்து வலி, நாள்பட்ட கணைய அழற்சின்னு சொன்னாங்க, கல்லும் இருக்கு. 11 வருஷமா சேலத்துல ஒரு கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட பார்த்துட்டு இருந்தேன், போன வருஷம் அவர் வயசாயிடுச்சுன்னு நிறுத்திட்டார். அப்புறம் வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனா, அந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு அமைலேஸ் லைபேஸ் எல்லாம் நார்மல், கணையத்துல ஒண்ணும் இல்ல, கேஸ், டென்ஷன்னுட்டார். வீட்டுக்காரரை வெளிய நிக்கச் சொல்லிட்டு நீங்க குடிப்பீங்களான்னு வேற கேட்டார், இல்லன்னேன், நம்பின மாதிரி தெரியல. எடை 52 கிலோல இருந்து 44 ஆயிடுச்சு. ரெண்டு வருஷமா சுகர், மாத்திரை போடறேன். என்சைம் கேப்சூல் விலை ஜாஸ்தி, அதனால 10,000 யூனிட் கேப்சூல் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுதான். வலி தாங்காதப்ப பக்கத்து கிளினிக்ல ஊசி. தம்பி பெங்களூருங்கறான், வீட்டுக்காரர் வேலூருங்கறார், மாமியார் நாட்டு மருந்து பார்க்கலாம்ங்கறாங்க. யார்கிட்ட போறது சார்?

பதில்: மொதல்ல அந்த அமைலேஸ் விஷயத்தை முடிச்சுடறேன்மா, ஏன்னா அந்த ஒரு வார்த்தைலதான் நீங்க ஒடைஞ்சு போயிருக்கீங்கன்னு தெரியுது. அமைலேஸும் லைபேஸும் கணையம் சுரக்கற செரிமான என்சைமுங்க, கணையம் திடீர்னு வீங்கறப்ப ரெண்டும் ரத்தத்துல எக்குத்தப்பா ஏறும், அது புதுசா வர்ற அழற்சிக்கு. உங்களுது 12 வருஷம் பழசு. வருஷக்கணக்கா வெந்து வெந்து சுரக்கற திசுவே பாதிக்கு மேல தழும்பாயிட்ட கணையத்துல ரத்தத்துக்குள்ள கசியறதுக்கு என்னம்மா மிச்சம் இருக்கு, நம்ம ஊர்ல வத்துன கிணறு பொங்கி வழியலன்னு யாராவது கவலைப்படுவாங்களா? நாள்பட்ட கணைய அழற்சில அமைலேஸ் லைபேஸ் நார்மலா இருக்கறது சகஜம், அதை வச்சு கணையத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்ல முடியாது. உங்க வலி நிஜம்.

அந்த டாக்டரைத் திட்டறதுக்காக இதைச் சொல்லல. நானும் இதே தப்பைப் பண்ணவன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல மாங்கூழ் ஃபேக்டரில வேலை பார்த்த ஒரு பையன் மாசத்துக்கு ரெண்டு தடவை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வருவான், நான் பாட்டுக்கு ஒண்ணரை வருஷம் கேஸ் மாத்திரையா எழுதிக் கொடுத்தேன், கடைசில ஒரு சாதாரண எக்ஸ்ரேல முதுகெலும்புக்குக் குறுக்கா உப்பைத் தூவுன மாதிரி வரிசையா கல்லு தெரிஞ்சுது. அந்த எக்ஸ்ரேயை லைட்ல வச்சுப் பார்த்துட்டு அவன் மூஞ்சியைப் பார்க்க எனக்கே கூச்சமா இருந்துச்சு.

குடிப்பீங்களான்னு கேட்டது தப்பில்ல, எல்லார்கிட்டயும் கேட்டே ஆகணும், பீடி சிகரெட்டும் கேட்கணும் (புகை தனியாவே கணையத்தைக் கெடுக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது), ஆனா பதிலை நம்பணும். குடியே தொடாதவங்களுக்கு சின்ன வயசுல வர்ற கணையக் கல் நோய்ங்கறது தென்னிந்தியாவுல காலங்காலமா இருக்கறதுதான், கேரளாவுல ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்ணிட்டு வர்றாங்க. ஒரு காலத்துல மரவள்ளிக்கிழங்குதான் காரணம்னு பலமா சந்தேகப்பட்டாங்க, ஆனா அது நிரூபணம் ஆகல, இப்ப ஸ்பிங்க்1 மாதிரி சில ஜீன் மாற்றங்களுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. அதனால குச்சிக்கிழங்கு தின்னுதான் இவளுக்கு இப்படி ஆச்சுன்னு வீட்ல யாராவது பேசினா காதுல வாங்காதீங்க, நம்ம மாவட்டத்துல அதைத் தின்னாம வளந்தவங்க யாரு.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், யார்கிட்ட போறது. நீங்க தேடறது ஒரு டாக்டரைன்னு நினைச்சுட்டு இருக்கீங்க, எனக்கென்னவோ உங்களுக்கு ரெண்டு பேர் வேணும்னு தோணுது. ஒருத்தர் தூரத்துல, கணையத்தையே தொழிலா பார்க்கற இடத்துல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கற மாதிரி. இன்னொருத்தர் பக்கத்துல, தர்மபுரிலயோ காரிமங்கலத்துலயோ, சுகர் ஏறினா, நடுராத்திரி வலி வந்தா, பேதியானா பார்க்கறவர், அவர் எம்டி ஜெனரல் மெடிசின் படிச்சவரா இருந்தா போதும். 11 வருஷமா சேலத்து டாக்டர் ஒருத்தரே ரெண்டு வேலையும் பார்த்துட்டார், அவர் போனதும் ரெண்டும் ஒண்ணா போயிடுச்சு, அதான் திக்குன்னு இருக்கு.

தூரத்து ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல பேரைப் பார்க்காதீங்க, போர்டுல இருக்கற படிப்பைப் பாருங்க. மருந்து பக்கம்னா டிஎம் இல்லாட்டி டிஆர்என்பி மெடிக்கல் கேஸ்ட்ரோஎன்டராலஜி, ஆபரேஷன் பக்கம்னா எம்சிஎச் சர்ஜிக்கல் கேஸ்ட்ரோஎன்டராலஜி. அதுலயும் எல்லா கேஸ்ட்ரோவும் ஒரே மாதிரி இல்ல, சிலர் நாள் பூரா கல்லீரல் பார்ப்பாங்க, சிலர் குடல், கணையத்துல கை வச்சவங்க குறைவு. அதனால பஸ் ஏறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் போட்டு மூணே மூணு கேளுங்க: அங்க எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டு (வாய் வழியா குழாய் விட்டு உள்ள இருந்தே எடுக்கற ஸ்கேன்) இருக்கா, கணையக் குழாய்ல இஆர்சிபி (அதே மாதிரி வாய் வழியா போய் அடைப்பைச் சரிபண்றது) பண்ணி ஸ்டென்ட் (குழாய் அடைக்காம இருக்க வைக்கற சின்னக் குழாய்) வைக்கறாங்களா, கணைய ஆபரேஷன் பண்ற சர்ஜன் அதே கட்டடத்துல இருக்காரா. மூணுக்கும் ஆமான்னா போலாம். மூணாவது ஏன் முக்கியம்னா, சர்ஜனே இல்லாத இடத்துல எல்லா வலிக்கும் ஸ்டென்ட்தான் பதிலா வரும், அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு ஸ்டென்ட் மாத்திக்கிட்டே வருஷம் ஓடிடும். நெதர்லாந்துல 88 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி, 2020ல வந்துச்சு, குழாய் வீங்கி வலியோட இருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மொதல்லயே ஆபரேஷன், மீதிப் பேருக்கு எண்டோஸ்கோப்பி வழியில ஆரம்பிச்சாங்க, 18 மாசம் கூடவே இருந்து பார்த்ததுல ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் வலி குறைவா இருந்துச்சு. உங்களுக்கு ஆபரேஷன் வேணும்னு நான் சொல்லல, ஆனா அந்தப் பேச்சையே எடுக்காத இடத்துல தங்காதீங்க.

ஊர்ப் பேருக்கு வர்றேன். அரசு பக்கம்னா சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம், கேஸ்ட்ரோ ஓபி என்னிக்குன்னு கேட்டுட்டு போங்க. அதுக்கு மேலன்னா சென்னைல ஸ்டான்லியும் ராஜீவ் காந்தி ஜிஎச்சும், ரெண்டுலயும் கணைய ஆபரேஷன் பல வருஷமா பண்றாங்க. வேலூர் சிஎம்சி உங்களுக்கு கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியா நேர் ரோடு, ஆனா இப்ப டவுன்ல ஒரு கேம்பஸ் ராணிப்பேட்டை பக்கம் ஒரு கேம்பஸ்னு ஆயிடுச்சு, அப்பாயின்ட்மென்ட் எந்த கேம்பஸ்னு பார்க்காம கிளம்பி தப்பான கேட்ல எறங்கி அரை நாளைத் தொலைச்சவங்க என்கிட்டயே வந்து பொலம்பியிருக்காங்க. பெங்களூருல நல்ல ஆஸ்பத்திரிங்க இருக்கு, ஓசூர்க்காரங்களுக்கு அதுதான் பக்கம், ஆனா உங்ககிட்ட முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா (குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், 5 லட்சம் வரைக்கும் கவர்), தமிழ்நாட்டுக்குள்ள போனா பாரம் குறையும். கார்டு இல்லன்னா கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு முடிச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. பெரும்பாலும் அட்மிஷன், ஆபரேஷனுக்குத்தான் அது உதவும், மாசாமாசம் வாங்கற கேப்சூலுக்கு உதவாது. பெரிய கல்லை வெளில இருந்தே அதிர்வு கொடுத்து ஒடைக்கற மெஷின்ல ஐதராபாத் ஏஐஜி ரொம்ப அனுபவசாலி, ஆனா அது வேலூரோ சென்னையோ பார்த்துட்டு அவங்க சொன்னா யோசிக்கறது.

என் கட்சி உங்க வீட்டுக்காரர் கட்சி. வேலூரோ சென்னையோ, எது திரும்பத் திரும்ப போக முடியுமோ அது. ஒரு தடவை போக நகையை அடகு வச்சு, அடுத்த தடவைக்கு வழியில்லாம விட்டுட்டா எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. தம்பிகிட்ட கோவிச்சுக்க வேணாம், ஸ்கேன் சிடியை எடுத்துட்டு கூட வர்ற வேலையை அவன்கிட்ட கொடுங்க.

சிடின்னதும் ஞாபகம் வருது. இந்த நோயோட வர்றவங்க பெரும்பாலும் கட்டைப்பைல, ஜவுளிக்கடை பைலதான் ரிப்போர்ட் கொண்டு வருவாங்க, மேல கல்யாணப் பத்திரிகை, நடுவுல கரண்ட் பில், அடில நாலா மடிச்சு கோடு விழுந்த ஸ்கேன் ஃபிலிம். ஓபில ஒரு டாக்டருக்கு உங்களுக்காகக் கிடைக்கறது பத்து நிமிஷம், அதுல ஏழு நிமிஷம் அந்தப் பையைக் கிளறவே போயிடும், மிச்ச மூணு நிமிஷத்துல அவர் ரத்த டெஸ்ட்டைப் பார்த்து நார்மல்னு சொல்லிட்டா பாதித் தப்பு அந்தப் பை மேலயும்தான். அதனால போறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை பண்ணுங்க.

ஒண்ணு, பழைய ஆஸ்பத்திரிக்கும் ஸ்கேன் சென்டருக்கும் போய் பதிவேடுகளைக் கேளுங்க. அட்மிட் ஆன நோயாளியோட ரெக்கார்டை மூணு வருஷம் வச்சிருக்கணும், எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும்னு 2002ல வந்த டாக்டர்கள் ஒழுங்குமுறை விதிலயே இருக்கு, கெஞ்ச வேண்டியதில்ல. மூணு வருஷம் தாண்டினது இருக்காதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, பல ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர்ல கிடக்கும். ஃபிலிம் மட்டும் போதாது, படம் முழுசா இருக்கற சிடி டிஸ்க் வேணும், ஏன்னா புது டாக்டர் ரிப்போர்ட்ல எழுதினதை நம்பாம தானே ஓட்டிப் பார்க்கணும், குழாய் எத்தனை மில்லிமீட்டர் வீங்கியிருக்கு, கல் தலைப் பக்கமா வால் பக்கமான்னு. சேலத்து டாக்டரை இப்பவும் பிடிக்க முடிஞ்சா லெட்டர்பேட்ல ஒரு பக்கம் எழுதி வாங்குங்க, 11 வருஷம் பார்த்தவர் எழுதற ஒரு பக்கத்துக்கு எந்த ஸ்கேனும் ஈடில்ல.

ரெண்டு, நீங்களே ஒரு ஷீட் எழுதுங்க. பிளவுஸ் அளவு எழுதற நோட்டுலயே ஒரு தாள் கிழிச்சா போதும். எந்த வருஷம் ஆரம்பிச்சுது, எத்தனை தடவை அட்மிட், என்னென்ன பண்ணாங்க, இப்ப என்ன மாத்திரை எத்தனை. அதுக்குக் கீழ, போன மூணு மாசத்துல எத்தனை நாள் மெஷின்ல உட்காரவே முடியல, எத்தனை ஊசி போட்டீங்க, எடை மாசாமாசம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போறீங்க, அது தண்ணில மிதக்குதா, எண்ணெய் மாதிரி ஒட்டிக்கிட்டு எத்தனை பக்கெட் ஊத்தினாலும் போக மாட்டேங்குதா. இதைச் சொல்ல வெட்கமா இருக்கும், தெரியும், சொல்ல வேணாம், எழுதிக் கொடுத்துடுங்க. 'வலி அதிகம் சார்'ங்கறதுக்கும் 'மூணு மாசத்துல 31 நாள் தைக்க முடியல'ங்கறதுக்கும் கேட்கற காதுல நிறைய வித்தியாசம்.

ஊசிக் கணக்கை மறைக்காதீங்க. நிறைய பேர் புது டாக்டர் தப்பா நினைப்பார்னு ஊசியையும் ட்ரமடால்ங்கற வலி மருந்தையும் சொல்ல மாட்டாங்க, அப்புறம் எந்த மருந்தும் வேலை செய்யாம ஏன்னு அவர் குழம்பிட்டு இருப்பார். அந்த கிளினிக்ல என்ன ஊசின்னு கேட்டு எழுதி வாங்குங்க. டைக்ளோஃபெனாக் அடிக்கடி போட்டா கிட்னியும் வயிறும் கெடும், ட்ரமடால்னா பழகிடும். இன்னொண்ணு, ட்ரமடால் 2018ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, வீடியோ கன்சல்டேஷன்ல அதை எழுத முடியாது, அதனால எல்லாத்தையும் ஃபோன்லயே முடிச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. இந்த வலி பாதி நரம்பு சம்பந்தப்பட்டது, பிரிகாபலின் மாதிரி மருந்து சிலருக்கு நல்லா கேட்குது, அதைப் பத்திக் கேளுங்க.

புது ஆள் சரியான ஆளான்னு மொத விசிட்லயே தெரிஞ்சுடும். எடையை மெஷின்ல நிக்க வச்சுப் பார்ப்பார், மலத்தைப் பத்திக் கேட்பார், சுகருக்கு என்ன மாத்திரைன்னு கேட்பார், சிடியைத் தானே பார்ப்பார், நாலு வருஷமோ அஞ்சு வருஷமோ பழசா இருந்தா புதுசா ஸ்கேன் எடுக்கச் சொல்வார். 8 கிலோ குறைஞ்சிருக்கு, அதுக்குக் காரணம் தெரியாம விடக் கூடாது, பெரும்பாலும் சாப்பாடு செரிக்காததும் சுகரும்தான், ஆனா இந்த நோய் உள்ளவங்களுக்கு கணையப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட நல்லாவே அதிகம், அதனால பார்த்துட்டு இல்லன்னு தள்ளிடறது நல்லது. பயமுறுத்தல, விட்டுடாதீங்கன்னு சொல்றேன். இது எதையும் கேட்காம அமைலேஸ் மட்டும் எழுதினார்னா மரியாதையா நன்றி சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க, ஒருத்தர் சரியில்லன்னா அடுத்தவர், அதுல குத்த உணர்ச்சி எதுக்கு. ஆனா மாசத்துக்கு ஒருத்தர்னு மாத்தவும் கூடாது, பொறுப்பா கேட்கற ஒருத்தர் கிடைச்சா ஆறு மாசம் டைம் கொடுங்க.

கேப்சூல் விஷயம், இதுல நீங்களே உங்களை பட்டினி போட்டுட்டு இருக்கீங்கம்மா. வழக்கமா ஒரு முழுச் சாப்பாட்டுக்கு லைபேஸ் 40,000ல இருந்து 50,000 யூனிட், நடுவுல தின்ற பலகாரத்துக்கு அதுல பாதி. நீங்க போடறது 10,000, அதுவும் ரெண்டே வேளை, மத்தியானச் சோத்துக்கு ஒண்ணுமே இல்ல. கால் பங்கு மருந்துல நெய், எண்ணெய், பருப்பு எதுவும் உடம்புல ஒட்டாம அப்படியே போயிடுது, கூடவே ஏ, டி, இ, கே வைட்டமினும் போயிடும், எலும்பு தேயும். எத்தனை போடணும்னு புது டாக்டர்தான் முடிவு பண்ணணும், ஆனா காசில்லாம குறைச்சுப் போட்டதை அவர்கிட்ட சொல்லுங்க, சொல்லலன்னா மருந்து வேலை செய்யலன்னு தப்பா முடிவு பண்ணிடுவார். மலத்துல எலாஸ்டேஸ்னு ஒரு டெஸ்ட் இருக்கு, 200க்குக் கீழ வந்தா என்சைம் பத்தலன்னு அர்த்தம். இன்னிக்கே மாத்திக்கக்கூடியது ஒண்ணு: சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு போடாதீங்க, மொத வாயோட போடுங்க, ரெண்டு மூணு கேப்சூல்னா நடுவுலயும் பிரிச்சுப் போடுங்க, உள்ள இருக்கற குருணையைக் கடிக்கக் கூடாது, சூடான களில கொட்டிக் கிளறவும் கூடாது. இந்த மருந்து பன்றிக் கணையத்துல இருந்து எடுக்கறது, வீட்ல யாருக்காவது ஆட்சேபம் இருந்தா டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசிடுங்க, சொல்லாம நிறுத்திடறதுதான் ஆபத்து.

எண்ணெயையே தொடாதன்னு யாராவது சொல்லியிருந்தா அது பழைய காலத்து அறிவுரை. என்சைம் சரியா போட்டா சாதாரண எண்ணெய் போட்டே சமைச்சு சாப்பிடலாம், மூணு பெரிய வேளைக்குப் பதிலா அஞ்சாறு சின்ன வேளையா.

சுகர் வேற கதை. உங்க சுகர் பரம்பரைல வர்ற சாதா சுகர் இல்ல, கணையம் கெட்டதால வந்தது. இதுல இன்சுலினும் குறையும், சுகரைத் தூக்கிவிடற குளுக்ககானும் குறையும், அதனால ஏறறதும் படக்குன்னு, எறங்கறதும் படக்குன்னு. பலருக்கு சீக்கிரமே இன்சுலின் தேவைப்படும், எடை குறையறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கே மாத்திரை வருது, நல்ல திட்டம், ஆனா கொண்டு வர்றவங்களுக்கு உங்க கணையக் கதை தெரியாது, நீங்கதான் சொல்லணும். உங்க மாத்திரை அட்டைல பேரைப் படிச்சுப் பாருங்க, சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின்னு 'கிளிப்டின்'ல முடிஞ்சா கணைய அழற்சி வந்தவங்களுக்கு பொதுவா அதைத் தவிர்ப்பாங்க, நீங்களா நிறுத்தாம பக்கத்து எம்டி டாக்டர்கிட்ட இந்த வாரமே காட்டுங்க. மெஷின் டிராயர்ல ஊசி நூலோட நாலு ஸ்பூன் சர்க்கரை பொட்டலம் கட்டிப் போட்டு வைங்க, கை நடுங்கி வேர்த்தா உடனே வாய்ல போட.

மாமியார்கிட்ட சண்டை வேணாம். நாட்டு மருந்து ஏற்கனவே சாப்பிட்டிருந்தா அதையும் ஷீட்ல எழுதுங்க, பேர் தெரியாத பொடின்னா பொட்டலத்தையே எடுத்துட்டுப் போங்க, சிலதுல ஈயம், பாதரசம் கலந்து வர்றதுண்டு.

தூரத்து டாக்டர்கிட்ட கிளம்பறப்ப கடைசியா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க, வலி வந்தா பக்கத்துல என்ன கொடுக்கணும், எதைக் கொடுக்கக் கூடாதுன்னு அவர் கையெழுத்தோட நாலு வரி. அதை ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரர் ஃபோன்லயும் வைங்க. கண்ணு மஞ்சளானாலோ, காய்ச்சலோட வலி வந்தாலோ, ரத்த வாந்தியோ கருப்பா மலமோ போனாலோ, ஒரு வாய் தண்ணி கூட நிக்காம வாந்தியானாலோ வேலூருக்கு வண்டி எடுக்காதீங்க, நேரா தர்மபுரி மெடிக்கல் காலேஜ் எமர்ஜென்சிக்குப் போய் அந்த நாலு வரியைக் காட்டுங்க.

ஷீட்டை எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க, விட்டுப்போனது ஏதாவது இருந்தா சிவப்பு மைல குறிச்சு அனுப்பறேன். அந்த சுகர் மாத்திரை அட்டையோட பின்பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்க.